கிழிக்க வராத பழைய வால்பேப்பர் மேல் பெயின்ட் அடிக்கலாமா? சேலம், ஏற்காடு வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் டிவி மாட்டிய சுவருக்கும் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கும் ஆசை ஆசையாக வால்பேப்பர் ஒட்டியவர்கள் நிறையப் பேர். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும் அறை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஒட்டினார்கள். இப்போது அதெல்லாம் மங்கி, ஓரம் தூக்கி நிற்கிறது. கிழிக்கப் போனால் பாதி வருகிறது, மீதி சுவரையும் கூட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு ஊரிலும் பெயின்ட் வேலை எடுத்துச் செய்கிறவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி பெயின்ட் நல்லது?" என்றுதான். அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் தாளுக்குப் பின்னால் பசை பிடித்திருக்கிறதா, சுவர் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்க, மேலேயே அடிக்கலாமா கூடாதா?

அடிக்கலாம். தாள் சுவரோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும், சுவரில் ஓதம் இருக்கக் கூடாது, முதல் கோட் தண்ணீர் கலக்காத ஆயில் பிரைமராக, அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சாக, இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் செலவு வீண். கிழிக்க வருகிற தாளாக இருந்தால் கிழித்துவிட்டு அடிப்பதுதான் என்றைக்கும் நல்ல வேலை, மேலே அடிப்பது வேறு வழியில்லாதபோது செய்வது.

என் வீட்டுத் தாள் நிஜமாகவே வராதா, நான்தான் சரியாகக் கிழிக்கவில்லையா? எப்படித் தெரிந்துகொள்வது?

கதவுக்குப் பின்னால், பீரோ மறைக்கிற இடத்தில், இரண்டடிக்கு இரண்டடி இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, சுவரோடு ஒட்டினாற்போல் மெதுவாகக் கீழ்நோக்கி இழுங்கள், உங்களைப் பார்த்து நேராக இழுக்க வேண்டாம். வினைல் தாளாக இருந்தால் மேலே இருக்கிற பளபளப்பான பிளாஸ்டிக் தோல் மட்டும் பெரிய துண்டாக உரிந்து வந்துவிடும், அடியில் வெறும் காகிதம் நிற்கும். இது நல்ல சகுனம். அந்தக் காகிதத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பிரேயரில் அடித்துக் கால் மணி நேரம் விட்டு, இன்னொரு முறை அடித்து, பட்டித் தகட்டை (பள்ளம் நிரப்பிச் சுவரை மட்டமாக்கும் பட்டியைப் பூசுகிற தகடு) சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் கூழாகி வந்துவிடும். பிளாஸ்டிக் தோல் உரியாவிட்டால் பிளேடால் மேலாகக் கீறல் போட்டுவிட்டுத் தண்ணீர் அடியுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது.

இவ்வளவும் செய்த பிறகும் தாள் சின்னச் சின்னச் செதிலாக மட்டும் வந்தாலோ, தகட்டோடு சேர்ந்து பூச்சும் பெயர்ந்து வந்தாலோ நிறுத்திவிடுங்கள். அந்தச் சுவர் "வராது" கணக்கில் சேர்ந்துவிட்டது. அதற்கு மேல் சுரண்டினால் பெயின்ட் வேலை கொத்தனார் வேலையாக மாறிவிடும்.

சில சுவரில் அப்படி ஏன் ஒட்டிக்கொள்கிறது?

பெரும்பாலும் ஒட்டியவர் செய்த வேலைதான். வால்பேப்பருக்கு என்று ஒரு பசை இருக்கிறது, அது தண்ணீர் பட்டால் இளகும். அதை வாங்காமல் மர வேலைக்கு வைத்திருந்த ஃபெவிகாலைக் குழைத்துப் பூசி ஒட்டியிருந்தால் பிறகு தண்ணீருக்கு எளிதில் மசியாது. இன்னொன்று, புதுப் பூச்சின் மேல் பிரைமர்கூட அடிக்காமல் நேராக ஒட்டியிருப்பார்கள். பூச்சு பசையை உறிஞ்சிக் குடித்துவிடும், தாளும் சுவரும் ஒன்றாகிவிடும். ஜிப்சம் போர்டு தடுப்புச் சுவரில் இது இன்னும் மோசம். அந்தப் போர்டின் முகமே காகிதம்தான், எந்தக் காகிதம் வால்பேப்பர், எந்தக் காகிதம் போர்டு என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்தே கிழியும்.

நேராக எமல்ஷன் அடித்தால் என்ன ஆகும்? அதுவும் பெயின்ட்தானே?

எமல்ஷனில் இருப்பது தண்ணீர். வழக்கமான வால்பேப்பர் பசை மாவுச்சத்திலோ, செல்லுலோஸிலோ செய்தது. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசையாக்குவதும், தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதும், அது தண்ணீர் பட்டால் எப்படி இளகிவிடும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சுவரிலும் அதேதான் நடக்கிறது. எமல்ஷனில் உள்ள தண்ணீர் தாளுக்குள் இறங்கும், தாள் ஊறி விரியும், பின்னால் பசை இளகும், விரிந்த தாளுக்குப் போக இடம் இல்லாமல் கொப்புளமாக எழும்பும். ரோலரை இரண்டு முறை உருட்டுவதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். காய்ந்ததும் சில கொப்புளம் தானாக அமுங்கிவிடும், சிலது அப்படியே நிற்கும். எது அமுங்கும் எது நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்னொரு தொல்லை, தாளில் உள்ள சிவப்பு, தங்க நிற மையெல்லாம் தண்ணீரில் கசிந்து வெள்ளைப் பெயின்டுக்கு மேலே வந்து நிற்கும். அதன் மேல் எத்தனை கோட் எமல்ஷன் அடித்தாலும் மறுபடி எட்டிப் பார்க்கும். அதனால்தான் முதல் கோட் ஆயிலில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அது தாளை ஊற விடாமல், மையைக் கசிய விடாமல் மூடிவிடும்.

கடையில் போய் என்னவென்று கேட்க வேண்டும்?

"டர்பன்டைன் கலக்கிற வெள்ளை ஆயில் பிரைமர்" என்று கேளுங்கள். மரத்துக்கு அடிக்கிற வெள்ளை பிரைமரும், சுவருக்கு என்று வருகிற ஆயில் சிமென்ட் பிரைமரும் இந்த வேலைக்கு ஆகும். டப்பாவின் பின்பக்கம் எதைக் கலக்கச் சொல்லியிருக்கிறது என்று நீங்களே படித்துப் பாருங்கள், தண்ணீர் என்று போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர்கள் பழக்க தோஷத்தில் வாட்டர் பிரைமரைத் தூக்கி வைத்துவிடுவார்கள், இப்போது அதிகம் ஓடுவது அதுதான். கம்பெனி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

பிடிவாதமான கறைக்கு மட்டும் ஷெல்லாக் உதவும். மரச்சாமான் பாலிஷ் போடுகிறவர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கிறார்களே, அந்த அரக்குதான். பிரைமர் காய்ந்த பிறகும் மார்க்கர் பேனா கிறுக்கலோ சிவப்புப் பூவோ மங்கலாகத் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு கை தொட்டுவிடுங்கள். முழுச் சுவருக்கும் வேண்டாம், செலவு தாங்காது.

எங்க வீடு ஏற்காட்டில். சுவரில் ஓதம் இருக்கா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஏற்காட்டு வேலை கெட்டுப்போவது எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே பெய்யும், மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் வந்து ஜன்னல் வழியே உள்ளே உட்காரும். அதற்கு மேல், மலைச்சரிவை வெட்டித்தான் பல வீடுகள் கட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மேட்டுப் பக்கத்துச் சுவருக்கு வெளியே மண் முட்டிக்கொண்டு நிற்கும். மழைத் தண்ணீர் அந்த மண்ணில் இறங்கி நேராகச் சுவருக்குள் வரும். உள்ளே வந்து பார்த்தால் பள்ளத்துப் பக்கச் சுவரில் தாள் கிண்ணென்று இருக்கும், மேட்டுப் பக்கச் சுவரில் முழங்கால் உயரம் வரைக்கும் உப்பி, தொட்டால் சில்லென்று இருக்கும். அதே அறை, அதே தாள், ஒரே நாளில் ஒட்டியது.

பரிசோதனை சுலபம். ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்து, வெயில் நாளில் வேலை செய்தால் போதும். ஒன்றை மறக்க வேண்டாம், வினைல் தாளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் மாதிரிதான், பின்னால் உள்ள ஈரத்தை அது மறைத்துவிடும். அதனால் தாளை ஓரிடத்தில் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு அந்த வெறும் சுவரில் ஷீட்டை ஒட்டிப் பாருங்கள்.

ஓதம் என்று தெரிந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுங்கள். ஆயில் பிரைமர் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பின்னால் தேங்கும், அடுத்த மழைக்குள் தாள், பட்டி, பெயின்ட் எல்லாம் சேர்ந்து பாளம் பாளமாக விழும். முதலில் வெளியே பாருங்கள். சுவரை ஒட்டிக் கிடக்கும் மண்ணை வெட்டி விலக்கி, தண்ணீர் ஓட வாய்க்கால் போடுங்கள். மேலே மங்களூர் ஓடு நழுவியிருக்கிறதா, கூரைத் தண்ணீர் சுவரில் வழிகிறதா பாருங்கள். பிறகு ஒரு கோடை முழுவதும் காயவிட வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் "டேம்ப் ப்ரூஃப் பெயின்டை உள்ளே அடிச்சிருங்க" என்கிறார்கள். ஓதம் ஏறிய தாளின் மேல் அதை நான் அடிக்க மாட்டேன், தாளே கழன்று வருகிற இடத்தில் அதன் மேலுள்ள பெயின்ட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கு, அதை மூடிட்டா போதுமா?

போதாது. தாளும் மாவுப் பசையும் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு, ஈரம் இருக்கும் வரை அது பெயின்டுக்கு அடியிலும் வளரும். மேலாக மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தால் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, முழுசாகக் காயவிட்டுத் தொடருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டாய்லெட் கழுவும் ஆசிட்டை அதோடு கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும். தாளைக் கிளப்பிப் பார்த்தால் பின்பக்கமும் கறுத்திருக்கிறது என்றால் அந்தப் பகுதியைச் சுவரோடு பெயர்த்தாவது எடுத்தாக வேண்டும். அந்த அறையில் குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் படுக்கிறார்கள் என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

சரி, சுவர் காய்ந்திருக்கு, தாள் இறுக்கமா இருக்கு. வேலையை எப்படி ஆரம்பிக்க?

முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஸ்விட்ச் பெட்டி மூடிகளைக் கழற்றுங்கள். தாளின் ஓரம் அவற்றுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும், அங்கேதான் முதலில் தூக்கும்.

பிறகு விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். 'தொப்' என்று கேட்கும் இடம் பிடிப்பு விட்ட இடம். பென்சிலில் குறி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கொப்புளமாக இருந்தால் பிளேடால் பெருக்கல் குறி போல் கீறி, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஃபெவிகால் எடுத்து உள்ளே விட்டு, ஈரத்துணியால் அழுத்தி வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். அகலமாகப் பிடிப்பு விட்டிருந்தால் ஒட்ட வைக்கப் பாடுபட வேண்டாம், அந்தத் துண்டை நேர்கோட்டில் வெட்டி எடுத்துவிட்டுப் பள்ளத்தைப் பிறகு பட்டியால் நிரப்புங்கள். சுவர் மூலைகளில் தாள் வளைந்து பாலம் மாதிரி நிற்கும், பின்னால் வெறும் காற்றுதான். அதையும் மேலிருந்து கீழே வரைக்கும் கீறி எடுத்துவிடுங்கள்.

அடுத்தது துடைப்பது. ஹாலில் என்றால் உலர்ந்த துணி போதும். சமையலறையை ஒட்டிய சுவர் என்றால் தாளிப்பு எண்ணெய் படிந்திருக்கும், சோப்புத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பளபளப்பான வினைல் தாளை 150-ஆம் நம்பர் எமரி பேப்பரால் பளபளப்பு மங்கும் அளவுக்கு லேசாகத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் அடித்தால் பிரைமர் பிடிக்காமல் நகம் பட்டாலே உரியும்.

இப்போது ஆயில் பிரைமர் ஒரு கோட். மெல்லியதாக, ஒரு இடம் விடாமல். சேலத்து வெயிலுக்கு மறுநாள் காய்ந்துவிடும். ஏற்காட்டில் மூட்டமாக இருந்தால் இரண்டு நாள்கூட ஆகும். காய்ந்ததா என்பதற்குத் தொட்டுப் பார்ப்பது போதாது, எமரி பேப்பரால் ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூளாகக் கொட்டினால் காய்ந்துவிட்டது. எமரி பேப்பரில் பிசுபிசுவென்று அப்பினால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

அப்புறம்தான் பட்டி. வரிசையை மாற்ற வேண்டாம், பட்டியிலும் தண்ணீர் இருக்கிறது, பிரைமருக்கு முன்னால் வைத்தால் தாள் ஊறிவிடும். முழுச் சுவருக்கும் கனமாகப் பூச வேண்டாம். இரண்டு தாள் சேரும் இணைப்புக்கோட்டின் மேல் ஒரு சாண் அகலத்துக்கு, நடுவில் கொஞ்சம் கனமாகவும் இரண்டு ஓரமும் சுவரோடு மறைகிற மாதிரியும் இழுத்துவிட வேண்டும். காய்ந்ததும் தேய்த்து இரண்டாவது முறை இன்னும் அகலமாக. தாள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஒட்டப்பட்டிருந்தால் மூன்று முறைகூட ஆகும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டவர்களின் சுவர்தான் பிறகு பேசும். நாகலூர் போகிற வழியில் ஒரு ஹோம்ஸ்டே அறையைப் பார்த்தேன். பகலில் அருமையாக இருந்த சுவர், சாயங்காலம் பக்கவாட்டு ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழுந்ததும் ஒன்றே முக்கால் அடிக்கு ஒரு கோடு, மேலிருந்து கீழ் வரை, அறை முழுக்கத் தெரிந்தது. இதைத் தவிர்க்க ஒரு வழி, பட்டி காய்ந்ததும் அறை லைட்டை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். திருத்த வேண்டியதை அப்போதே திருத்திவிடுங்கள், பெயின்ட் அடித்த பிறகு அது முடியாது.

180, அப்புறம் 220-ஆம் நம்பர் எமரியால் தேய்த்து, தூசியைத் துணியால் துடைத்து, பட்டி வைத்த இடங்களில் மறுபடி பிரைமர். இப்போது எமல்ஷன் இரண்டு கோட், கோட்டுக்குக் கோட் டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு. கடைசியாகக் கூரை ஓரத்திலும் தரை ஓரத்திலும் அக்ரிலிக் சீலன்ட் ஒரு கோடு இழுத்துவிட்டால் தாளின் ஓரம் காற்றில் தூக்காது.

வெள்ளை சிமென்ட் பட்டி வீட்டில் மீதி இருக்கு, அதையே வைக்கலாமா?

வேண்டாம். சிமென்ட் பட்டி சிமென்ட் சுவரைப் பிடித்துக்கொள்ளச் செய்தது. ஆயில் பிரைமர் அடித்த காகிதத்தின் மேல் அது நிற்காது, கீறல் விட்டு ஓடு ஓடாகப் பெயரும். டப்பாவில் குழைத்தே வருகிற அக்ரிலிக் பட்டி வாங்குங்கள்.

தாளில் மேடு பள்ளமாக டிசைன் இருக்கு. பெயின்ட் அடிச்சா மறையுமா?

நிறம் மறையும், டிசைன் மறையாது. மொத்தச் சுவருக்கும் பட்டி பூசி மூடலாம், ஆனால் அவ்வளவு கனத்தைப் பழைய பசை தாங்க வேண்டுமே. டிசைன் பரவாயில்லை என்றால் ஒரே நிறத்தில் மேட் எமல்ஷன் அடித்துப் பாருங்கள், பல வீடுகளில் அது நன்றாகவே அமைந்திருக்கிறது. பளபளப்பு எமல்ஷன் மட்டும் வேண்டாம், அது ஒவ்வொரு மேட்டையும் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

ஒட்டுகிற ஸ்டிக்கர் வால்பேப்பர், செங்கல் மாதிரி ஃபோம் ஷீட், இதன் மேலும் அடிக்கலாமா?

கூடாது. இரண்டுமே சூட்டில் இளகும் ஒட்டுப் பசையில் நிற்கின்றன. சேலத்து மே மாத வெயிலில் மேற்குப் பார்த்த சுவர் சுட்டால் பசை இளகி, பெயின்டோடு சேர்ந்து தொங்கிவிடும். ஆனால் இவை கிழிக்க வருகிற வகை. ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே மெதுவாக இழுத்தால் வந்துவிடும். மிச்சம் நிற்கிற பிசுக்கை யூகலிப்டஸ் தைலம் தொட்ட துணியால் தேய்த்தால் உருண்டு வரும், பிறகு சோப்புத் தண்ணீரால் எண்ணெய் போகத் துடைத்துவிடுங்கள். அடியில் இருந்த பெயின்டும் கொஞ்சம் சேர்ந்து வரத்தான் செய்யும், பட்டி பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மூன்று தாள் இருக்கிற மாதிரி தெரியுது.

மேல் தாளையாவது எடுத்தாக வேண்டும். அடுக்கு ஏற ஏற எல்லாக் கனமும் அடியில் இருக்கும் ஒரே பசையில் தொங்கும்.

பழைய எஸ்டேட் பங்களா. தாத்தா காலத்துச் சுவர். ஏதாவது தனியாகக் கவனிக்கணுமா?

கவனிக்க வேண்டும், நிறைய. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்ததிலிருந்து இங்கே எழுந்த பங்களாக்களில் பழையவை சுண்ணாம்புக் காரைச் சுவர். அந்தச் சுவர் மழைக்கு ஈரம் குடிக்கும், வெயிலுக்கு வெளியே விடும், அப்படியேதான் இத்தனை காலம் நின்றிருக்கிறது. அதன் மேல் ஆயில் பிரைமர் அடித்து மூச்சை அடைப்பது எனக்குச் சம்மதமில்லை. தாள் வரவில்லை என்றால் சுவரைத் தொடாமல், அரை அங்குலமாவது இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுப் போக வழி வைத்து, சட்டம் அடித்துப் பலகையோ ஃபைபர் சிமென்ட் போர்டோ போட்டு, அதன் மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். அல்லது காரையோடு எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக் காரையே பூசி வெள்ளையடியுங்கள். சிமென்ட் பூச வேண்டாம்.

இரண்டாவது, ஈயம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் அடித்த எனாமல், முக்கியமாக ஜன்னல், கதவுச் சட்டங்களில் அடுக்கடுக்காக இருப்பது, ஈயம் கலந்ததாக இருக்கலாம். தாளின் மேல் யாராவது முன்பே ஒரு முறை ஆயில் பெயின்ட் அடித்திருந்தால் அதுவும்தான். உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் எமரி பேப்பர் இருக்கிறது, அதை வைத்து ஈரமாகத் தேய்த்து, கிடக்கும் சேற்றை வழித்துக் கட்டிவிடுங்கள்.

மூன்றாவது அபூர்வம், ஆனாலும் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வால்பேப்பருக்குப் பச்சை நிறம் கொடுக்க ஆர்சனிக் கலந்த நிறமிகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். உங்கள் பங்களாவில் நிஜமாகவே அந்தக் காலத்துப் பச்சைத் தாள் இருக்கிறது என்றால் சுரண்டவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். பரிசோதனைக்கூடத்தில் ஒரு துண்டைக் கொடுத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

எங்க பெயின்டர் "தண்ணி பிரைமரே போதும், நான் எத்தனையோ வீட்டுல அடிச்சிருக்கேன்" என்கிறார். என்ன சொல்ல?

அவரோடு வாதாட வேண்டாம். "அண்ணா, அந்த மூலையில ரெண்டடி மட்டும் அடிச்சுக் காட்டுங்க, நாளைக்குப் பார்த்துட்டு மீதியப் பேசிக்கலாம்" என்று சொல்லுங்கள். ஃபெவிகாலில் ஒட்டிய வினைல் தாளாக இருந்தால் அவர் சொல்வது நடக்கவும் நடக்கும். காகிதத் தாளாக இருந்தால் கொப்புளம் அவருக்கே பதில் சொல்லிவிடும். எதுவாக இருந்தாலும் முழுச் சுவரில் இறங்குவதற்கு முன் இந்த இரண்டடிச் சோதனையை ஒரு நாள் விட்டுப் பார்ப்பதை நான் எந்த வீட்டிலும் விடுவதில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எவ்வளவு வாங்க வேண்டும்?

சுவர் பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்த்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் 380 என்று வைத்துக்கொள்ளலாம். ஆயில் பிரைமர் லிட்டருக்குச் சுமார் 100 சதுர அடி ஓடும், ஆக 4 லிட்டர், பட்டி வைத்த இடத்துக்கு இன்னொரு லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 6-லிருந்து 7 லிட்டர். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டு வேலைக்குச் சேலத்திலேயே கொஞ்சம் கூடுதலாக வாங்கி ஏற்றிவிடுங்கள். அரை லிட்டர் பிரைமர் போதாமல் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறுவது வீண் அலைச்சல், அதோடு பாதியில் நின்ற கோட்டின் விளிம்பு சுவரில் தெரியும்.

எந்த மாதம் நல்லது?

ஏற்காட்டில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. மே மாதக் கோடை விழாவுக்கு அறை தயாராக வேண்டும் என்று ஏப்ரல் கடைசியில் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். கோடை மழையும் அப்போதுதான் பிடிக்கும், ஆளும் கிடைக்க மாட்டார்கள். வேலையைக் காலை பனி விலகிய பிறகு ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடித்தால் நல்லது. சேலத்தில் மழை மாதம் தவிர எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், மேற்குச் சுவரை மட்டும் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

வாடகை வீடு, நானே அடிச்சுக்கலாமா?

வீட்டுக்காரரிடம் கேட்காமல் வேண்டாம். ஆயில் பிரைமர் ஏறிவிட்டால் அந்தத் தாளை அதற்குப் பிறகு தண்ணீர் அடித்து எடுக்கவே முடியாது. அதைச் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

வாசனை எத்தனை நாள் இருக்கும்? எப்போது உள்ளே படுக்கலாம்?

ஆயில் பிரைமர் அடிக்கிற அன்றும் மறுநாளும் அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வயதானவர்களும் வாசனை சுத்தமாகப் போகும் வரை வேறு அறையில் இருக்கட்டும். ஜன்னல் எல்லாம் திறந்து, ஃபேனை வெளியே தள்ளுகிற மாதிரி ஜன்னல் பக்கம் வையுங்கள். துணி மாஸ்க்கும், தூசிக்குப் போடுகிற என்95 மாஸ்க்கும் டர்பன்டைன் ஆவியைத் தடுக்காது, தலை சுற்றினால் வெளியே வந்துவிடுங்கள். ஆவி தீப்பிடிக்கும், அதனால் அந்த இரண்டு நாளும் பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு, கற்பூரம், கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். பிரைமர் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், சுருட்டிய எண்ணெய்த் துணி தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போட்டு, முழுசாக விறைத்த பிறகு தூக்கிப் போடுங்கள். எமல்ஷன் வாசனை இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஹோம்ஸ்டே என்றால் கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு வாரம் விட்டு விருந்தாளிகளை ஏற்றுங்கள், கட்டிலையும் பீரோவையும் அதுவரை சுவரோடு ஒட்டாமல் ஒரு அடி தள்ளியே வைத்திருங்கள்.